சிவப்புக்கு அடியில ஒரு நீலம்

பதினோரு வருஷமா பேத்தாலஜி லேப்ல குப்பை கொட்டுறேன். மார்புக் கட்டின்னு பிளாக் (மெழுகுல பதிச்ச சதைத் துண்டு) வந்தா கார்சினோமாவாத்தான், அதாவது சுரப்பி செல்லுல வர்ற வழக்கமான கேன்சராத்தான் இருக்கும்னு கை பழகிடுச்சு, அதனால அன்னைக்கு வந்த ஃபார்மையும் பாதிதான் படிச்சேன், மார்பை எடுக்குற மாஸ்டெக்டமிக்கு தேதி குறிச்சிருந்தது மட்டும் கண்ணுல பட்டுச்சு. ஸ்லைடு பாத்த மேடம் தலையைக்கூட தூக்காம, "இது சுரப்பி செல்லு மாதிரி இல்லப்பா, கெரட்டின் போடு"ன்னாங்க. கார்சினோமா செல்லுன்னா பிடிக்க வேண்டிய அந்த கெரட்டின் சாயம் சுத்தமா பிடிக்கல. பி செல்ங்கிற வெள்ளையணுவைக் காட்டுற சிடி20 போட்டா ஸ்லைடு முழுக்க பிரவுன்!

லிம்போமா, வெள்ளையணுல வர்ற கேன்சர். மார்பகப் புற்றுநோய் வர்றவங்கள்ல 200 பேர்ல ஒருத்தருக்குக்கூட இது இருக்காது. இதுக்கு மார்பை எடுத்து பிரயோஜனமே இல்ல, கீமோதான், ஆர்-சாப்ங்கிற மருந்துக் கூட்டு. மேடம் ஃபோன் போட்டு சர்ஜரியை நிறுத்தினாங்க.

அடுத்து எம்ஒய்டி88-ங்கிற ஜீன்ல மியூடேஷன் பாக்கச் சொன்னாங்க. மூளைலயும் விரைலயும் வர்ற பி செல் லிம்போமால அடிக்கடி பாக்குற மாத்தம் இது, மார்புல வர்றதுலயும் நிறைய இருக்கு, கூடவே பல நேரம் சிடி79பி ஜீனும் மாறியிருக்கும். ரெண்டுமே செய்யற வேலை ஒண்ணுதான், செல்லை வளரு வளருன்னு விரட்டுற சுவிட்சை ஆஃப் ஆகவே விடாது. ஆனா டிஎன்ஏ எடுக்கப் போனா எல்லாம் துண்டு துண்டா கிடக்கு. வெளிய இருந்து வந்த பிளாக், சதை கெடாம இருக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபார்மலின்ல போட்டு திங்கக்கிழமைதான் எடுத்திருக்காங்க, அதுல ரொம்ப ஊறினா டிஎன்ஏ உடையும், ஃபோன்ல கேட்டா "லீவு சார்"னு பதில், என்னத்த சொல்ல. மொத ரன் ஃபெயில். மறுபடி மெழுகு கரைச்சு, புரதத்தைக் கரைக்கிற புரோட்டினேஸ் கே ஊத்தி ராத்திரி முழுக்க 56 டிகிரில வச்சு, சின்ன துண்டை மட்டும் படிக்கிற மாதிரி பிரைமர் போட்டு ஓட்டினேன்.

ஸ்கிரீன்ல அந்த ஜீனோட 794-வது டிஎன்ஏ எழுத்துல சிவப்பு டி பீக், அதுக்கு அடியில நீலமா ஒரு சி. சிடிஜி இருக்க வேண்டிய இடத்துல சிசிஜி, அதாவது புரதத்துல லியூசின்ங்கிற அமினோ அமிலம் போயி புரோலின். ஃபார்மலின் பண்ற கூத்தோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன், ஆனா ஃபார்மலின் பொதுவா சி-யைத்தான் டி-யாக் காட்டும், இது தலைகீழ். டிஎன்ஏவை ரெண்டு பக்கத்துல இருந்தும் படிச்சுப் பாத்தேன், அதேதான்.

இந்த வகை திரும்பி வந்தா மூளைக்கோ இன்னொரு மார்புக்கோ போற பழக்கம் உண்டு. ரெண்டு நாள் கழிச்சு திரவத்துல செல் பாக்குற சைட்டாலஜி தம்பி ஒரு டியூபைத் தூக்கிக் காட்டினான், "அண்ணே, உங்க பிளாக் பேஷன்டோட முதுகுத்தண்டு தண்ணி வந்திருக்கு." மூளைக்குப் போயிருந்தா அதுல தெரியலாம். தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் அவன் ஸ்லைடு பாத்து முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். கேன்சர் செல் இல்ல.