ஆண்ட்வெர்ப்பில் ஓர் அச்சுக்கூடம்

அச்சு, செதுக்கோவியம், பைண்டிங் பற்றிய பழம்புத்தகங்களைச் சேர்ப்பவர்கள், அடுத்த புத்தகத்தை வாங்கும் முன் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கு ஒரு நடை போய் வர வேண்டும் என்பது என் கட்சி. அங்கேதான் பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. கிறிஸ்டோஃப் பிளான்டின் 1555இல் தொடங்கிய அச்சகம் 1576இல் இந்த இடத்துக்கு வந்தது. அவருடைய மருமகனின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக நடத்தி, 1876இல் நகரத்துக்கு விற்றார்கள். நல்லவேளை, எதையும் தூக்கிப் போடவில்லை.

அச்சுக்கூடத்துக்குள் நுழைந்ததும் கால் நகரவில்லை. வரிசையாக மர அச்சு இயந்திரங்கள். அவற்றில் இரண்டு 1600 வாக்கில் செய்தவை. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இவைதான். ஜோசப் மாக்ஸன் 1683-84இல் லண்டனில் எழுதிய அச்சுக்கலைக் கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லி விளக்கியிருப்பார். படிக்கும்போது மண்டை காயும். இங்கே நின்று பார்த்தால் எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்று சட்டென்று விளங்கிவிடுகிறது. அந்தக் கையேடு பகுதி பகுதியாக வெளிவந்தது; முழுத் தொகுப்பு கிடைப்பது அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது படம் அச்சிடும் மரக்கட்டைகளும் செப்புத் தகடுகளும்தான். மரக்கட்டையில் கோடு மேலே எழுந்து நிற்கும். அதனால் ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிடலாம். செப்பில் கோடு பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கு நடுவே நசுக்கி எடுக்க வேண்டும். அதாவது ஒரே தாள் இரண்டு இயந்திரங்களுக்குப் போய் வர வேண்டும். பழைய பக்கங்களில் படம் எழுத்துக்குச் சற்றுச் சாய்ந்து நிற்பது இதனால்தான். தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளத்தை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். ஆப்ரஹாம் போஸ் 1645இல் எழுதிய செதுக்குக்கலை நூல் போன்றவற்றை வாங்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம் மெல்லிய கோடுகளைப் பார்ப்பேன். செப்பு தேயத் தேய அவைதான் முதலில் மங்கும்.

பைண்டர்கள் ஓரத்தை வெட்டும்போது அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நறுக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட பிரதியைக் கண்டால் மனசு கனத்துப்போகும். ஆனால் ஓரத்தில் மைக்கறை இருந்தால் நான் ஒதுக்குவதில்லை. தொழில் நூல் ஒரு பட்டறையில் புழங்கியிருக்கலாம் என்பதற்கு அது சாட்சி. பளிச்சென்ற பிரதியைவிட அதுவே எனக்குப் பெரிது.

மாடியில் எழுத்து வார்க்கும் பட்டறை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸில் அச்செழுத்துகளை வடிவமைத்த கராமோன், எழுத்து வார்ப்புக்கு மூலமாகச் செதுக்கிய எஃகு அச்சுகளும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. அவசரமாகப் போனால் இதெல்லாம் கண்ணில் தங்காது, முழு நாளை ஒதுக்குங்கள்.

பிளான்டின் 1567இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட பிரெஞ்சு உரையாடல் நூலில் அச்சுத்தொழிலை விளக்கும் ஓர் உரையாடல் உண்டு. இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான், மறுபதிப்பாக இருந்தாலும் சரி.