வலம் கேட்டால் இடம்

மாமா திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவில் ஒரு பசுவும் கன்றும் வாங்கினார். உப்புவெளிக்குக் கொண்டுவர அடுத்த வீட்டு அண்ணரின் லேண்ட்மாஸ்டரும் (இரண்டு சக்கரக் கை உழவு இயந்திரம்) அதன் பின்னால் பூட்டும் பெட்டியும் கிடைத்தன. ஓட்டுநர் நான். வயலில் இரண்டு தடவை ஓட்டியிருந்தேன். மாமாவிடம் அதைக் கொஞ்சம் பெருப்பித்துச் சொல்லியிருந்தேன்.

திறப்பைத் தரும்போதே அண்ணர் சொன்னார்: "தம்பி, பாரம் பெட்டியின் அச்சுக்கு முன்னுக்கு இருக்க வேண்டும். இறக்கத்தில் கைப்பிடி கிளச் மாறி வேலை செய்யும், கவனம்." தலையாட்டினேன். தலையாட்டுவதற்குக் காது தேவையில்லை.

பசு மிதித்துவிடும் என்று கன்றைப் பின்பலகையோரம் கட்டினோம். முன்னால் பசு. கழுத்து நோகுமாம், மாமா கயிற்றைத் தாராளமாக விட்டுவைத்தார்.

2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அன்றைக்கு எனக்கு அது முடிவதாக இல்லை. இறக்கம் தொடங்குகிற இடத்தில் கன்று ஒருமுறை கத்தியது. தாய் திரும்பிப் பின்னால் நடந்தது. பாரம் அச்சைத் தாண்டியதும் பெட்டியின் முன்பக்கம் மேலெழுந்தது; அதில் உட்கார்ந்திருந்த நானும் எழுந்தேன். இயந்திரம் தெருவை முகர்ந்து பார்த்தது.

இடப்பக்கக் கட்டை நெருங்க, வலது கிளச்சைப் பிடித்தேன். சமதரையில் பிடித்த பக்கச் சக்கரம் ஓய்ந்து, மற்றது தள்ள, வண்டி பிடித்த பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டியல்லவா தள்ளுகிறது! விடுபட்ட சக்கரம் முந்தி உருள, மற்றதை எஞ்சின் இழுத்துப் பிடிக்க, வண்டி எதிர்ப்பக்கம் போகும். இந்த ஞானமெல்லாம் பிறகு வந்தது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, வலம் கேட்டால் இடம் தருகிற வண்டியில் இருக்கிறேன் என்பது மட்டும்தான். கட்டையை உரசிக்கொண்டு நின்றோம். மாமா கோணேசரைக் கூப்பிட்டது அக்கரைக்கே கேட்டிருக்கும்.

சைக்கிளில் வந்த மீன் வியாபாரி இறங்கி எங்கள் நால்வரையும் பார்த்தார். "மாடு ஓட்டட்டும் தம்பி, நீங்கள் பின்னால் ஏறுங்கள்" என்றார்.

சிரித்தாலும் உதவினார். கன்று முன்னால், அதைப் பார்த்தபடி பசு, கயிறு குட்டையாக, ஓர் இழுவையில் அவிழும் முடிச்சு. "இறக்கத்துக்கு முன்பே சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு கிளச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள்" என்றார். கன்று துள்ளாமலிருக்க மாமா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பசு சீனன்குடா வரை கன்றை நக்கிக்கொண்டு வந்தது. இடைக்கிடை மாமாவின் வழுக்கையையும்.

நகரத்தில், கோட்டைப் பக்கம் புள்ளிமான்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் இருவர், மான்களை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள்.