பழைய டிஎக்ஸ்எஃப் கோப்புகளை லிஸ்ப் வழியாக அழிக்கப் போய்

சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான் பேச்சு. வேலை கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில். கன்வேயர் சட்டங்களுக்கு வேண்டிய பிளேட்டுகளை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, ஒவ்வொன்றையும் வெட்டும் இயந்திரத்துக்கு ஏற்ற தனி டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பாக எடுத்து, லேசர் கட்டிங்குக்காக வாளையார் தாண்டி கோவைக்கு அனுப்புவோம். தனித்தனியாகப் பிரித்து எடுக்கும் வேலையை, ஆட்டோகேடுக்குள் ஓடும் ஆட்டோலிஸ்ப் மொழியில் நான் எழுதிய ஒரு நிரல் செய்கிறது.

கோப்பின் பெயரிலேயே திருத்த எழுத்தும் இருக்கும்: பி07-ஏ, பி07-பி என்று. அதுதான் வினையானது. திருத்தம் வந்ததும் புதிய பெயரில் புதிய கோப்பு உருவாகும், பழையதும் அதே கோப்புறையில் கிடக்கும். ஒருநாள் அவசரத்தில் கோப்புறையை அப்படியே அனுப்பிவிட்டேன். மறுநாள் கட்டிங்கிலிருந்து பெரியவர் கூப்பிட்டார்.

“கண்ணு, பி ஏழு ரெண்டு தினுசா வந்திருக்குது. ரெண்டையுமே வெட்டியாச்சே?”

250-க்கு 180, 10 மி.மீ. கனம், 24 பிளேட். ஒன்று மூன்றரைக் கிலோ என்றால் 85 கிலோ இரும்பு. எம்16 போல்ட்டுக்கான 18 மி.மீ. துளையை எம்20-க்காக 22 ஆகப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆனால் துளைகளின் மையமே நகர்ந்திருந்தது. அத்தனையும் ஸ்கிராப். அன்றைக்கே முடிவு செய்தேன், புதிய கோப்பு எடுக்கும் முன் பழையதை நிரலே துடைத்துவிட வேண்டும்.

அழிப்பதற்கு ஆட்டோலிஸ்ப்பில் விஎல்-ஃபைல்-டிலீட் (vl-file-delete) என்ற கட்டளை இருக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு எல்லா டிஎக்ஸ்எஃப்பையும் ஒரே வரியில் கொடுத்தேன். நில் (nil, ‘இல்லை’ என்ற பதில்) என்று வந்தது, ஒரு கோப்பும் போகவில்லை. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு கோப்பின் பெயர்தான் வேண்டும், நட்சத்திரக் குறியெல்லாம் தெரியாது.

சரி, விஎல்-டைரக்டரி-ஃபைல்ஸ் கொண்டு கோப்புறையின் பட்டியல் எடுத்து, ஃபார்ஈச் (foreach) என்ற சுழற்சியில் ஒவ்வொன்றாக அழிக்கலாம் என்று மாற்றினேன். அதற்குக் கொடுக்கும் மூன்றாவது மதிப்பாக (ஆர்கியுமென்ட்) 1 கொடுத்தால் கோப்புகள் மட்டும் வரும், -1 என்றால் கோப்புறைகள் மட்டும், 0 என்றால் இரண்டும். பட்டியல் சரியாக வந்தது. ஆனால் அழிப்பதில் ஒன்று தவிர எல்லாவற்றுக்கும் நில்.

அந்த ஒன்றைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. பட்டியலில் வருவது வெறும் பெயர், பாதை இருக்காது. பாதை இல்லாத பெயரைக் கொடுத்தால் விஎல்-ஃபைல்-டிலீட், ஆட்டோகேடின் இயல்பான டிராயிங் கோப்புறையில் தேடுகிறது. என் கணினியில் அது டாக்குமென்ட்ஸ். வாடிக்கையாளர் அனுப்பிய பி01-ஏ என்ற கோப்பு அங்கே இருந்தது. அதைத்தான் அழித்திருக்கிறது. ரீசைக்கிள் பின்னில் தேடினேன், இல்லை. இந்த வழியில் அழிபவை அங்கே போவதே இல்லை. மின்னஞ்சலில் பழைய இணைப்பு கிடைத்ததால் பிழைத்தேன்.

அப்புறம் எழுத்துத் தொடர்களை இணைக்கும் ஸ்ட்ர்கேட்டால் (strcat) முழுப் பாதையையும் பெயருக்கு முன்னால் ஒட்டினேன். டிராயிங் இருக்கும் இடத்தை டிடபிள்யூஜி-ப்ரிஃபிக்ஸ் (DWGPREFIX) என்ற சிஸ்டம் வேரியபிள், அதாவது ஆட்டோகேடின் உள் அமைப்பு மதிப்பு, சொல்லும், கடைசிச் சாய்கோடும் சேர்ந்தே வரும். நாம் கையால் எழுதும் பாதையில் பின்சாய்கோட்டை இரண்டு தடவை போட வேண்டும், அல்லது முன்சாய்கோடு போதும். இன்னொன்று: சேமிக்காத புது டிராயிங்கில் இந்த வேரியபிள் அதே இயல்புக் கோப்புறையைத்தான் காட்டும். அதனால் டிராயிங்குக்குப் பெயர் வைத்தாயிற்றா என்று சொல்லும் டிடபிள்யூஜி-டைட்டில்டு (DWGTITLED) 1 ஆக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். 0 என்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

பட்டறைக் கணினியில் இதுவும் வேலை செய்தது. ஒரே ஒரு கோப்பு மட்டும் அடம்பிடித்தது, நிரலே எழுதும் பாகங்களின் சிஎஸ்வி பட்டியல். அரை நாள் போயிற்று. ஓப்பன் போட்டு எழுதத் தொடங்கிய பிறகு நடுவில் பிழை வந்தால், க்ளோஸ் வரிக்குப் போகாமலே நிரல் முறிகிறது. கோப்பு திறந்தபடியே நிற்கிறது, விண்டோஸ் அழிக்க விடாது. ஆட்டோகேடை மூடித் திறந்ததும் சொன்னபடி அழிந்தது. இப்போது பிழை வந்தால் ஓடும் எர்ரர் ஃபங்ஷனுக்குள்ளேயே க்ளோஸ் வைத்திருக்கிறேன்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த நில்தான். விஎல்-ஃபைல்-டிலீட் பிழைச்செய்தி காட்டி நிற்பதில்லை. அழிந்தால் டி (T, ‘ஆம்’), அழியாவிட்டால் நில், அவ்வளவுதான். அதை நாம் வாங்கிப் பார்க்காவிட்டால் நிரல் பாட்டுக்கு மேலே போய்ப் புதிய கோப்புகளையும் எழுதிவிடும், பழையதும் இருக்கும். 85 கிலோ திரும்பவும் போகும். அதனால் நில் எத்தனை வந்தது என்று எண்ணி, ஒன்றே ஒன்று வந்தாலும் புதிய கோப்பு எடுக்காமல் நிறுத்தி, அந்தப் பெயரைத் திரையில் காட்டச் செய்தேன்.

டாக்குமென்ட்ஸில் நடந்ததற்குப் பிறகு அழிக்கவே மனம் ஒப்பவில்லை. இப்போது கோப்புறை உருவாக்கும் விஎல்-எம்கேடிர் கொண்டு தேதி, நேரம் போட்ட ஒரு கோப்புறையை உள்ளே உருவாக்கி, விஎல்-ஃபைல்-ரீநேம் வழியாகப் பழையவற்றை அதற்குள் நகர்த்துகிறேன். அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால் ரீநேமும் நில்தான் தரும், மேலெழுதாது. அது எனக்கு நிம்மதி. வாடிக்கையாளர் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தக் கோப்புறையை மவுஸால் அழிக்கிறேன்.

இதைப் பார்த்த பட்டறைத் தம்பி ஒருவர், ஆட்டோகேட் எடுத்து வைக்கும் டிராயிங்கின் முந்தைய நகல்களான பிஏகே (BAK) கோப்புகளையும் இப்படியே துடைத்துவிடலாமே என்றார். வேண்டாம் என்றேன். டிராயிங் கெட்டுப்போனால் முதலில் கைகொடுப்பது அதுதான். வேண்டவே வேண்டாம் என்றால் ஐசேவ்பேக் (ISAVEBAK) என்ற சிஸ்டம் வேரியபிளை 0 ஆக்கினால் உருவாகாது. டிராயிங் திறந்திருக்கும்போது உருவாகும் டிடபிள்யூஎல் (DWL) கோப்பையும் தொட வேண்டாம், டிராயிங்கை யார் திறந்திருக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரியும்.

போன வாரம் நிரல் பி12-சி என்ற பெயரைக் காட்டி நின்றது. பக்கத்துக் கணினியில் அந்தத் தம்பி அதைத் திறந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மூடச் சொல்லி, மறுபடி ஓட்டி, கோவைக்கு அனுப்பினேன்.