எல்லாரும் கொடுத்துவிட்டால்?

கம்பெனியை வாங்குவது என்றால் விலை பேசுவதுதான் பெரிய காரியம் என்று இப்படி வாங்குவதை முன்னின்று நடத்திக்கொடுக்கும் மெர்ச்சன்ட் பேங்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். விலைக்குச் சட்டமே ஒரு தரை போட்டுவிடும்: வாங்குபவர் முந்தைய 26 வாரங்களில் கொடுத்த உச்ச விலை, 60 வர்த்தக நாள் சந்தை விலைச் சராசரி என்று சில கணக்குகள், எது அதிகமோ அதற்குக் கீழே போக முடியாது. தூக்கத்தைக் கெடுப்பது பணம்தான்.

பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீதத்தை எட்டினால், மற்றப் பங்குதாரர்களிடம் குறைந்தது 26 சதவீதம் வாங்க ஓப்பன் ஆஃபர், அதாவது பகிரங்க அழைப்பு, தரவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. எத்தனை பேர் பங்கைக் கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. ஆனாலும் முழுசுக்கும் பணம் இருக்கிறது என்று மெர்ச்சன்ட் பேங்கர்களான நாங்கள் உறுதி சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமல் ஊருக்கே இலை போடுகிற கல்யாண வீட்டு நிலைமை.

2024இல் அல்ட்ராடெக், சென்னையின் இந்தியா சிமென்ட்ஸை வாங்கியதைப் பாருங்கள். ஜூனில் சுமார் 23 சதவீதம். கோட்டுக்குக் கீழே, ஆஃபர் தேவையில்லை. அடுத்த மாதம் நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த புரமோட்டர் தரப்பின் 32.72 சதவீதத்துக்கு, பங்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடிக்கு ஒப்பந்தம். கூடவே 26 சதவீதத்துக்கு அதே விலையில் ஆஃபர். எல்லாரும் கொடுத்தால் இன்னொரு 3,140 கோடி. ஆஃபருக்கு ஈடாக முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவைக்கும் எஸ்க்ரோவுக்கு முதல் 500 கோடியில் 25 சதவீதம், மிச்சத்தில் 10 சதவீதம் என்று கணக்குப் போட்டால், அதுவே சுமார் 390 கோடி.

பெரிய வீடுகளுக்குச் சரி. மற்றவர்கள்? பங்கு வாங்க இந்திய வங்கிகள் கடன் தருவதற்கு ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கடிவாளம் போட்டிருந்தது. அதனால் என்பிஎஃப்சி எனும் வங்கியல்லாத நிதி நிறுவனம், கடன் பத்திரம், வெளிநாட்டுக் கடன் என்று அலைந்தார்கள். வாங்கப்போகும் கம்பெனியின் சொத்தையே ஈடு காட்டலாம் என்றால், தன் பங்கை வாங்கக் கம்பெனியே பண உதவி செய்யக் கூடாது என்கிற கம்பெனிச் சட்டத்தின் 67ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

கோவைப் பக்கத்து நிதி அதிகாரி ஒருவர், 40 சதவீதம் பேர்தான் கொடுப்பார்கள் என்று எக்செலில் போட்டு, அந்த அளவுக்கே கடன் ஏற்பாடு செய்திருந்தார்.

“ஏனுங்க, எல்லாருமா கொடுத்துருவாங்க?”

“கொடுத்துட்டா சார்?”

அந்தக் கட்டத்தை 100 ஆக மாற்றினேன். கீழே இருந்த வரிகள் எல்லாம் சிவப்பாகிவிட்டன. அப்புறம் இன்னொரு என்பிஎஃப்சியைப் பிடித்து, அறிவிப்புக்கு முன்பே கடன் உறுதிக் கடிதம் வாங்கினோம்.

ஆஃபர் திறப்பதற்குள் சந்தை விலை மேலே போய்விட்டது. வந்த பங்குகள் சொற்பம். தொடாத கடனுக்குக் கட்டிய கமிட்மென்ட் கட்டணத்தை அவர் இன்றைக்கும் என் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறார்.