பழைய லேப்டாப்பும் படித்த பொருளாதாரமும்

போன மாதம் என் லேப்டாப்புக்கு நாலாவது முறையாகச் செலவு செய்தேன். முதலில் பேட்டரி போனது, அப்புறம் கீபோர்டு, அப்புறம் திரையைத் தாங்கும் கீல், இப்போது சார்ஜர் செருகும் இடம். ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுதான். இவ்வளவு செலவு செய்தாச்சு, இப்போது போய் விட்டுவிடுவதா? "மூணு வருஷம் எக்கனாமிக்ஸ் படிச்சது இதுக்குத்தானாடா?" என்று அக்கா கேட்டாள். பதில் இல்லை.

பொருளாதாரம் படித்தவன் என்று தெரிந்தால் பலரும் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஷேர் வாங்கலாம் என்பது. எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். பங்குச்சந்தை, பட்ஜெட், வட்டி விகிதம் எல்லாம் அதில் உண்டுதான், ஆனால் அடியில் கிடப்பது வேறு. ஆசைகள் பல, அவற்றை நிறைவேற்றிக்கொள்ள நம்மிடம் இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் பல வழிகளில் பயன்படுத்த முடியும், அப்படியானால் எதை எடுப்பது எதை விடுவது? பொருளாதாரம் என்றால் என்ன என்பதற்கு லயனல் ராபின்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1932-ல் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். தமிழில் படித்தவர்கள் 'பற்றாக்குறை இலக்கணம்' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். நானும் செய்தேன், பத்து மதிப்பெண்ணுக்கு. கவனித்துப் பார்த்தால் அந்த விளக்கத்தில் பணம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எப்படிக் கழிப்பது என்பதும் பொருளாதாரக் கேள்விதான்.

அந்த மதியத்தைத் தூங்கிக் கழித்தால் செலவு எவ்வளவு? காசு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடிய வேலைகளில் எது சிறந்ததோ அது கைவிட்டுப் போனது, அதுதான் அந்தத் தூக்கத்தின் விலை. வாய்ப்புச் செலவு என்பார்கள். இலவசம் என்ற பலகையைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்கிறோமே, அங்கே நாம் கொடுத்தது ஒன்றரை மணி நேரம். ரசீது வராததால் கொடுத்தது தெரிவதில்லை, அவ்வளவுதான். (தூக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. பல ஞாயிறுகளில் தூக்கத்தைவிடச் சிறந்த மாற்று எனக்குக் கிடைத்ததே இல்லை.)

சரி, லேப்டாப்புக்கு வருவோம். பேட்டரிக்கும் கீபோர்டுக்கும் கொடுத்த பணம் நான் இன்று எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வரப்போவதில்லை. வராத பணத்தை முடிவெடுக்கும் இடத்துக்கு அழைத்துவந்து உட்காரவைக்கக் கூடாது. மூழ்கிய செலவு என்று இதற்குப் பெயர். ஒரு வரியில் எழுதிவிடலாம், மனசுதான் கேட்காது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுபடி. சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் என்னவோ எல்லோருக்கும் ஒன்றேதான். கொடுத்த காசு உள்ளே இருந்து உந்தித் தள்ளியிருக்கிறது. இடைவேளையிலேயே எழுந்துவிடத் தோன்றும் படத்தைக் கடைசிவரை பார்த்துத் தொலைக்கிறோமே, அதே கதை. டிக்கெட் காசு ஏற்கெனவே போய்விட்டது, மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பழுதோடு இதே லேப்டாப்பை வேறு யாராவது எனக்குச் சும்மா கொடுத்தால், இந்த ரிப்பேர் செலவைச் செய்து வைத்துக்கொள்வேனா? மாட்டேன். இரண்டே நொடியில் பதில் வருகிறது.

ஆனால் பொருளாதாரம் கற்றவர்களுக்கு இன்னொரு வியாதி உண்டு, எதற்கெடுத்தாலும் ஒரு விலை வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது. இதற்கு நல்ல குட்டு வைத்தது யூரி கினீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அவற்றில் ஆறில் அபராதம் விதித்தார்கள். தாமதம் குறைய வேண்டும் அல்லவா? கூடியது, போகப்போக ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை, நமக்காக ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணம் போல ஆகிவிட்டது, காசு கொடுத்தால் தாமதத்தை வாங்கிக்கொள்ளலாம். பிறகு அபராதத்தை நீக்கிய பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. இதைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. பாத்திரம் கழுவினால் இவ்வளவு, படித்தால் இவ்வளவு என்று வீட்டில் பிள்ளைகளோடு ஒப்பந்தம் போடுகிறவர்களைப் பார்த்தால் ஹைஃபா ஞாபகம்தான் வருகிறது. சில வீடுகளில் அது நன்றாகவே வேலை செய்யலாம். ஆனால் விலை வைப்பதற்கு முன்னால், இப்போது எது அந்த வேலையை நடத்திக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. அன்பில் நடந்துகொண்டிருந்த வேலைக்குக் கூலி பேசிவிட்டால், நாளைக்குக் கூலி வேண்டாம் என்று பிள்ளை சொல்லும்போது வேலையும் வேண்டாம் என்றாகிவிடும்.

அக்கா எனக்கு ரிப்பேர் பார்த்துத் தர ஆள் தேடி அலைந்த இரண்டு மாலைகளை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. கேட்டால் அடிப்பாள்.

இந்தப் பதிவையும் அதே லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். நேற்றிலிருந்து உள்ளே இருக்கும் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.