இறையியல் கல்லூரியிலிருந்து மருத்துவமனை வார்டுக்கு

இறையியல் கல்லூரியில் சேரும்போது என் மனதில் இருந்தது பிரசங்கமும் ஜெபமும்தான். சேர்ந்த பிறகு நாளின் பெரும்பகுதி கிரேக்க வினைச்சொற்களோடு போனது. காலையில் சிற்றாலய ஆராதனை. மாணவர்களே முறைவைத்து நடத்த வேண்டும். அப்புறம் வகுப்புகள், மதியத்துக்கு மேல் நூலகம், இரவில் மறுநாள் தேர்வுக்கு மனப்பாடம். வலமிருந்து இடமாகப் போகும் எபிரேய எழுத்து கண்ணுக்குப் பழகவே நீண்ட நாள் பிடித்தது. கிரேக்கத்தைப் பார்த்து மலைத்து நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தாலும், 50 தடவையாவது வருபவை ஏறத்தாழ 300தான். அவை கைவசம் இருந்தால், வாசிக்கும் பகுதியில் ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் தெரிந்தவையாகிவிடும். முதலில் அதை முடியுங்கள்.

வார இறுதியில் ஒரு சபைக்கு அனுப்புவார்கள். ஞாயிறு பள்ளி, வீடு சந்திப்பு, எப்போதாவது பிரசங்கம். சபையார் அன்பாக நடத்தினார்கள், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் படித்தது எதற்கு என்று எனக்குப் புரியத் தொடங்கியது மருத்துவமனைப் பயிற்சியில்தான்.

நாங்கள் அதை சி.பி.ஈ. (Clinical Pastoral Education, அதாவது நோயாளிகளைச் சந்தித்து ஊழியம் கற்கும் பயிற்சி) என்போம். ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றில் சில இறையியல் மாணவர்களை வைத்துத் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவரே கடுமையான மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். நூல்களை வாசிக்கும் அதே கவனத்தோடு துன்பப்படும் மனிதர்களையும் மாணவர்கள் வாசிக்க வேண்டும் என்று அவர் விடாமல் வலியுறுத்தினார். நோயாளியாகக் கிடந்து கண்டுகொண்டதை ஒருவர் கல்வியாக மாற்றினார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

பயிற்சியின் முதுகெலும்பு வெர்பேட்டிம். நோயாளியோடு பேசியதை, வார்டை விட்டு வந்த பிறகு, நினைவிலிருந்து அப்படியே எழுத வேண்டும். கட்டிலருகே குறிப்பெடுக்கவும் கூடாது, ரெக்கார்ட் செய்யவும் கூடாது. பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றிவிட வேண்டும். மாணவர் பேசியதை ஊ1, ஊ2 (ஊ என்றால் ஊழியர்) என்றும், நோயாளி பேசியதை நோ1, நோ2 என்றும் எண்ணிட்டு எழுதுவோம். இடையில் வந்த மௌனம், முகம் திரும்பியது, கண் கலங்கியது எல்லாம் அதில் வர வேண்டும். பிறகு குழுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசிப்போம். மேற்பார்வையாளர் பதில் சரியா தப்பா என்று சொல்ல மாட்டார். "ஊ4 சொல்லும்போது உனக்குள்ள என்ன ஓடுச்சு?" என்று கேட்பார். கிரேக்கத் தேர்வே தேவலாம் என்று தோன்றும்.

ஒரு சந்திப்பை மட்டும் சொல்கிறேன். இதிலும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். சர்க்கரை நோயால் காலை எடுக்கப் போகும் வயதான அம்மா. நான் யார் என்று சொன்னதும் கேட்டார்: "ஏன் தம்பி, ஜெபம் பண்ணினா கால் நின்னுடுமா?"

எனக்குத் தெரிந்த உபதேசம் எதுவும் அந்தக் கேள்விக்கு அளவாக இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியலம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன். வெகுநேரம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கால் போறது கூடப் பெருசில்ல. ராத்திரியில எழுந்திருக்க மகளைக் கூப்பிடணுமே, அதுதான்" என்றார். அவருடைய பயத்தின் பெயர் அதுதான். நான் எதுவும் பேசாமல் இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் (பாட்டு வடிவ ஜெபம்) வாசிக்கச் சொன்னார். 13ஆம் சங்கீதத்தை எடுத்தேன். எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று கடவுளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சங்கீதம் அது. மொத்தம் ஆறு வசனம்தான். நான்காம் வசனம் முடிந்ததும் கையை உயர்த்தினார். "இது வரைக்கும் போதும் தம்பி. மிச்சத்தை அப்புறமா நானே படிச்சுக்கிறேன்."

மிச்சம் இருந்த இரண்டு வசனங்களில்தான் நம்பிக்கையும் துதியும் வருகின்றன. அவருக்கு அந்தச் சங்கீதம் நன்றாகவே தெரிந்திருந்தது. அன்றைக்குத் தான் எந்த வசனத்தில் இருக்கிறோம் என்பதும் தெரிந்திருந்தது. நான் வேதத்தை மூடிவிட்டு, அந்த இரவுகளுக்காக மட்டும் சுருக்கமாக ஜெபித்தேன்.

குழுவில் இதை வாசித்தபோது விவாதம் சூடாகிவிட்டது. நம்பிக்கையைச் சொல்லாமல் திரும்புவது ஊழியமா என்று ஒரு நண்பர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். மேற்பார்வையாளர் அவரிடம், "அந்த ரெண்டு வசனம் யாருக்குத் தேவைப்பட்டுச்சு?" என்று திருப்பிக் கேட்டார். நண்பர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் கட்டிலருகே நான் அந்த இரண்டு வசனங்களையும் வாசித்திருக்க மாட்டேன்.

அதன் பிறகு பழைய ஏற்பாட்டு வகுப்பு எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. புலம்பல் சங்கீதங்களின் அமைப்பைத் தேர்வுக்காகப் படித்திருந்தேன்: முறையீடு, விண்ணப்பம், நம்பிக்கை, துதி. 88ஆம் சங்கீதத்தில் கடைசிவரை அந்தத் திருப்பம் வருவதே இல்லை. இருட்டிலேயே முடிகிற அந்தப் பாட்டையும் ஆராதனைப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள் வார்டுகளை அறிந்தவர்கள் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்படுகிற யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல துணையாகத்தான் இருந்தார்கள். வாதாட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் பாரமானது.

இந்தப் பயிற்சிக்குப் போகிறவர்கள் சிலவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மொழித் தேர்வுகள் நெருக்கும் பருவத்தில் இதை எடுக்காதீர்கள். மனம் இரண்டு பக்கமும் இழுபடும். சந்திப்பு முடிந்த அன்றே வெர்பேட்டிமை எழுதிவிடுங்கள். ஒரு இரவு கடந்தால் நாம் சொல்ல நினைத்ததைச் சொன்னதாகவே எழுதத் தொடங்கிவிடுவோம். வார்டுக்குள் போனதும் முதலில் செவிலியரிடம் கேளுங்கள்; இன்றைக்கு யாரைப் பார்க்கலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவருக்கு வேறு மதமோ, மத நம்பிக்கையே இல்லாமலோ இருக்கலாம். அங்கே நம் வேலை ஆளைச் சேர்ப்பது கிடையாது. ஒரு மரணத்தின் அருகில் நின்ற நாளில் அறைக்குப் போய்த் தனியாகக் கிடக்காமல், மேற்பார்வையாளரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ மனதை இறக்கி வையுங்கள்.

பல இடங்களில் இது விருப்பப் பாடமாக இருக்கிறது. அது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. நாளைக்குச் சபையில் மரண வீட்டுக்கும் அறுவைச் சிகிச்சை அறையின் வாசலுக்கும் போகப் போகிற எல்லோருக்கும் இது கட்டாயமாக இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் சிலர் சேர்ந்து அப்படியே கல்விக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அன்று குழுவில் என்னோடு வாதாடிய நண்பரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.