இடப்பக்கம் இரண்டு விரைகள்

மார்ச் 4
பதினான்கு மாதப் பையன். வலப்பக்கம் விரை இறங்கவில்லை, இடப்பக்கம் குடலிறக்கம். வழக்கமான கேஸ்தான் என்று நினைத்தோம். குடலிறக்கப் பையைத் திறந்தால் இடப்பக்கத்திலேயே இரண்டு விரைகள்; நடுவில் விரல் பருமனில் கெட்டியான சதை, அதிலிருந்து இருபுறமும் குழாய். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, "கருப்பையா?" என்றார். அதேதான்.

எடுத்துவிடலாமா என்று கேட்டேன். சீஃப் கத்தரியை வாங்கி ட்ரேயில் வைத்துவிட்டார். விந்துக்குழாய்கள் அந்தக் கருப்பையின் சுவரோடு ஒட்டித்தான் ஓடும். அவசரப்பட்டு வெட்டினால் அவையும் போய்விடும். இரண்டு விரையிலிருந்தும் துளித் திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிவிட்டு, குடலிறக்கத்தை மட்டும் சரிசெய்து மூடினோம். போனோடு வேடிக்கை பார்க்க வந்த மாணவர்களை அவர் வெளியே அனுப்பியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

மார்ச் 5
கருப்பையாக வளரக்கூடிய முல்லரியன் குழாய்கள் எல்லாக் கருவிலும் தோன்றும். ஆண் கருவில் விரை சுரக்கும் ஏ.எம்.ஹெச். ஹார்மோன் அவற்றைக் கரைத்துவிடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனால் மட்டும் இது நடக்காது என்று 1940களின் இறுதியில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட் முயல் கருக்களில் காட்டினார். ஏ.எம்.ஹெச். ஹார்மோனோ, செல்களில் அதை உணரும் ஏற்பியோ பழுதானால் குழாய்கள் அப்படியே தங்கிவிடும். பழுதான மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும்.

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணமா என்று பையனின் அம்மாவிடம் கேட்டேன். "மாமாவைத்தான் கட்டிக்கிட்டேன் மேடம்."

அப்புறம் அவரே கேட்டார்: "அப்போ இவன் பையன் இல்லையா?" பையன்தான் என்று நினைக்கிறோம், குரோமோசோம் ரிசல்ட் வந்ததும் உறுதியாகச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? பாட்டிக்கு ஊர் என்ன பேசுமோ என்ற கவலை.

மார்ச் 24
குரோமோசோம் ரிசல்ட் 46 எக்ஸ்.ஒய்., அதாவது பையன்தான். பயாப்ஸியில் இரண்டும் விரைதான். ஏ.எம்.ஹெச். அளவு கிட்டத்தட்ட இல்லை, ஆகவே ஹார்மோனின் மரபணுவில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

அடுத்து லேப்ராஸ்கோப்பியில் கருப்பையை நடுவில் பிளந்து, விந்துக்குழாயோடு ஒட்டிய பட்டையை விட்டுவிட்டு, விரைகளை ஆளுக்கொரு பக்கமாக இறக்கப் போகிறோம். மிச்சத் திசுவிலும் விரையிலும் பின்னாளில் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு, அதனால் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது அம்மா சொன்னார், அக்கா மகனுக்கும் ஒரு பக்கம் இறங்கவில்லையாம், ஆறு வயதாகிறதாம். வியாழக்கிழமை ஓ.பி.க்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.